நைரோபிக்கும் அக்ராவுக்கும் இடையில் ஒரு நூல்

30.1.97, வியாழன். கொலோன்.

மழையா பனியா என்று தெரியாத ஒன்று காலையிலிருந்து. வேலைக்குப் போய் வந்ததில் சப்பாத்து இரண்டும் ஊறிவிட்டது.

கூறைச்சேலைக்குச் சட்டை தைத்து முடிந்தது. கையில் ஒரு அங்குலம் உள்ளே விட்டிருக்கிறேன், பெருத்திருந்தால் பிரிக்கலாம். அளவு எல்லாம் ரெலிபோனில் வந்தது. டிலானியின் இடுப்பும் தோளும் எனக்குத் தெரியும், ஆளைத் தெரியாது. ஒரே ஒரு படம். அதிலும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள்.

தலை குழம்பிக் கிடக்கிறது. ஒழுங்காக எழுதிப் பார்த்தால் தெளியும்.

தம்பி றெஜி. அகதிப் பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் போகலாம், இலங்கைக்கு மட்டும் ஏலாது. பெண் டிலானி, மன்னார். இப்போது நைரோபியில் தாய்மாமன் பத்திநாதர் வீட்டில். அவர் அங்கே கணக்கு வாத்தியார். மார்ச்சில் அவரின் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் கலியாணம் இல்லையென்றால் பிள்ளை திரும்பக் கொழும்புக்குத்தான். கொழும்பில் இப்போது தமிழ்ப் பெடியன் பெட்டை என்றால் லொட்ஜுக்குள் பொலிஸ் வந்து அள்ளிக்கொண்டு போகிறது.

றெஜியோடு பேக்கரியில் வேலை செய்கிற குவாமே, கானாக்காரன், நல்ல வேதக்காரப் பெடியன், வழி சொன்னான். "என்னோடு அக்ராவுக்கு வா. எங்கள் வீடு பெரிசு, எங்கள் பங்குச் சாமியார் கட்டி வைப்பார்." விசாவும் சுறுக்காகக் கிடைத்தது. பெண்ணும் ஆபிரிக்காவில்தானே இருக்கிறாள். வீட்டில் இவர் மகள் ஜெனியின் பள்ளிக்கூட அற்லஸை எடுத்து விரலால் அளந்து பார்த்தார்.

"இஞ்சேர் பிலோமினா, நைரோபியும் அக்ராவும் கொலோன் பேர்லினைவிடக் கிட்ட!"

அப்படியென்றால் காலையில் பஸ் ஏற்றிவிட்டால் பின்னேரம் அக்ரா. எல்லாருக்கும் சந்தோசம்.

ஒன்று மட்டும். விபூதிப் புதன் பெப்ரவரி 12. அதற்குப் பிறகு தவக்காலம், கோயிலில் கலியாணம் இல்லை. றெஜியின் லீவு 15 வரை. ஆகவே 11ஆம் தேதிக்கு முன்.

எனக்கு ஒரு கவலை, இவருக்குச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் தாலியின் முதல் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மூன்றாவது மாப்பிள்ளையின் சகோதரி. நான் போக ஏலாது. லீவும் இல்லை, ரிக்கெற்றுக்கு வழியும் இல்லை. ஒரே தம்பி.

1.2.97, சனி.

டுசெல்டோர்ஃப் விமான நிலையம் போய் வந்தோம். குளிர், ஆனால் வெயில்.

கொடுத்துவிட்டவை: கூறை, சட்டை, தாலி, மஞ்சள் நூல் (கொடி பிறகு செய்யலாம்), குவாமேயின் தாய்க்கு ஒரு கம்பளிப் போர்வை. அந்த வெக்கைக்குள் கம்பளி! இவர் சிரித்தே செத்தார். வேறு என்ன கொடுக்கிறது, எனக்குத் தெரியாதே.

றெஜி உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுவான் என்று எனக்குத் தெரியும். மூக்கு அப்போதே சிவந்திருந்தது.

2.2.97, ஞாயிறு. மெழுகுதிரித் திருநாள்.

பூசையில் மந்திரித்த மெழுகுதிரி ஒன்று கிடைத்தது. இன்றைக்கு நல்லதாக அது ஒன்றுதான்.

மத்தியானம் அக்ராவிலிருந்து றெஜி. போய்ச் சேர்ந்துவிட்டான். குவாமேயின் தாய் போர்வையைக் கண்டு கட்டிப்பிடித்தாவாம். (இவரிடம் இரண்டு தரம் சொன்னேன்.) பிறகு நான் நைரோபிக்கு எடுத்தேன். பத்திநாதர் மாமாதான் பேசினார்.

"பிள்ளை, எத்தினை மணிக்கு வாறார் மாப்பிள்ளை? நான் எயர்போட்டிலை நிக்கிறன்."

"ஆர் மாமா வாறது? டிலானியை எல்லோ நீங்கள் அனுப்பவேணும்?"

மாமாவின் குரல் ஏறிவிட்டது.

"என்ன கதைக்கிறியள்? எங்கடை பக்கம் பொம்பிளை வீட்டிலைதானே கலியாணம். மாப்பிள்ளைதானே தேடி வாறவர். இஞ்சை சாமியாரிட்டையும் சொல்லியாச்சு, கேக்கும் சொல்லியாச்சு."

பெரிய வீடு அக்ராவில், ஆகவே கலியாணமும் அங்கே என்று நாங்கள் நினைத்தோம். முறைப்படி பெண் வீட்டில், நைரோபியில் என்று அவர் நினைத்தார். ஒரு மாதமாக ரெலிபோனில் "ஓம், ஓம், எல்லாம் ஆயத்தம்" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். எங்கே என்று ஒருவராவது கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, எல்லாருக்கும்தான் தெரியுமே!

"சரி மாமா, நீங்கள் நாளைக்கு ஒரு பஸ்ஸிலை ஏத்திவிடுங்கோ" என்றேன்.

மாமா சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "பஸ்ஸோ? பிள்ளை, உங்களிட்டைத் தேசப்படம் ஒண்டும் இல்லையோ?"

அற்லஸை எடுத்து இவர் முன்னால் போட்டேன். ஜெனி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஜெர்மனிக்கு ஒரு பக்கம், ஆபிரிக்காவுக்கும் ஒரு பக்கம். இரண்டும் ஒரே அளவா?" என்றாள். பன்னிரண்டு வயது. இவர் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டார். பதின்மூன்று வருசத்தில் கேட்காமலே தேத்தண்ணி போட்டது இன்றைக்குத்தான்.

3.2.97, திங்கள்.

மழை. வேலை.

நான் துப்புரவு செய்கிற பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திர அறை மூன்றாம் மாடியில். அங்கே பெரிய உலக உருண்டை ஒன்று, இன்னும் சோவியத் யூனியன் இருக்கிற பழையது. நாலு வருசமாகத் தூசி தட்டுகிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஏப்ரன் பைக்குள் எப்போதும் நூல் இருக்கும். எடுத்து நைரோபியில் ஒரு நுனி, அக்ராவில் ஒரு நுனி. வெட்டினேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவுதானே என்று நினைத்து அந்த நூலைத் தூக்கிக் கொலோனில் வைத்தேன்.

பேர்லின் எங்கேயோ நகக்கண்ணுக்குள் போய்விட்டது. வியன்னா போய், இஸ்தான்புல் போய், துருக்கி முழுக்கப் போய், பாக்தாத்தும் தாண்டி, குவைத்தில் போய் நின்றது நூல்.

நம்பாமல் யாழ்ப்பாணத்தில் வைத்தேன். வடக்கே இழுத்தேன். இந்தியா முடிந்தது. இமயமலை முடிந்தது. நூல் முடியவில்லை.

அம்மாடி. இரண்டும் ஒரே கண்டத்தில், இரண்டும் அதன் இடுப்பில், இன்னும் மேலே அவ்வளவு, கீழே அவ்வளவு மிச்சம் கிடக்கிறது. ஊரில் எங்களுக்கு யாழ்ப்பாணம் மன்னார் பயணமென்றாலே கட்டுச்சோறு கட்டுவோம். ஆபிரிக்கா, ஆபிரிக்கா என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு அது ஒரு ஊர் மாதிரி நினைத்திருக்கிறோம். கடவுளே, நீர் எவ்வளவு பெரிதாகச் செய்து வைத்திருக்கிறீர்! நான் அதற்குத் தூசி தட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் பிரான்ட் வந்து வாசலில் நின்றார். "ஃபிராவ் சேவியர், எங்கே பயணம்?"

"நான் இல்லை. தம்பியின் பெண். இங்கேயிருந்து இங்கே."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். தானும் நூலை வாங்கி, கொலோனிலிருந்து வேறு பக்கம் இழுத்துப் பார்த்தார். அட்லாண்டிக் கடலுக்குள் போய் நின்றது. "டொன்னர்வெட்டர்" என்று மெல்ல வியந்தார். பிறகு இரண்டு பேருமாக வேறு ஊர்களிலும் நூலை வைத்துப் பார்த்தோம். மற்ற அறைகள் இன்றைக்கு அரைகுறைதான்.

5.2.97, புதன்.

யார் போவது என்று மூன்று நாட்டுச் சண்டை. நடுவில் தபால்கந்தோர் நான்.

றெஜி கென்யாவுக்குப் போக விசா கிழமைக் கணக்கில் எடுக்கும். டிலானி கானாவுக்கு வரலாம், மாமா ஓடித் திரிந்தால் விசா வெள்ளிக்கிழமை கிடைக்கும். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

"பொம்பிளைப் பிள்ளை தன்னந்தனிய மாப்பிள்ளையைத் தேடிப் போறதோ? சனம் என்ன சொல்லும்?"

"எந்தச் சனம் மாமா? நைரோபியிலை எத்தினை சனம் இருக்கு எங்கடை?"

"நாலு குடும்பம்."

"அந்த நாலையும் நான் பாக்கிறன்" என்றேன். கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. பிறகு மாமி ரெலிபோனை வாங்கி, "நீங்கள் சொல்லுறதுதான் சரி பிலோமினா, இவரை விடுங்கோ, நான் அனுப்பிறன்" என்றா. அந்த மனிசிக்கு ஆயிரம் புண்ணியம்.

இரவுச் செய்தியில் நடு ஆபிரிக்காவின் ஸயீர் நாடு. அங்கே சண்டை. சனம் சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறது. நூல் போன வழி அதற்கு மேலாலேதான். இவர், "அவ்வளவு உயரத்திலை போற பிளேனுக்கு ஒண்டும் ஆகாது" என்றார். நாங்கள் ஓடும்போதும் எங்களுக்கு மேலால் பிளேன் போனது. அதில் இருந்தவர்கள் என்ன சாப்பிட்டுக்கொண்டு போனார்களோ.

6.2.97, வியாழன்.

பெண்களின் கார்னிவல் நாள், ஊரே வேசம் போட்டுத் திரிகிறது. ஸ்ட்ராசன்பான் ட்ராமுக்குள் கோமாளி, மந்திரவாதி, தேனீ. பெண்கள் கத்தரிக்கோலோடு ஆண்களின் கழுத்துப்பட்டியை வெட்டித் திரிகிறார்கள். நல்ல பட்டு, நாசமாய்ப் போகிறது. எனக்குத் தந்தால் சட்டைக்குக் கரை வைப்பேன்.

விசா இன்னும் இல்லை. வேறு எழுத மனமில்லை.

8.2.97, சனி.

விசா! நேற்றுப் பின்னேரமே. ரிக்கெற்றும் எடுத்தாயிற்று. திங்கள் காலை 9க்கு நைரோபி, 12க்கு அக்ரா. மூன்றே மணித்தியாலம்! நூல் என்னை வீணாகப் பயப்படுத்திவிட்டது. பிளேன் என்றால் சும்மாவா.

செவ்வாய் காலை கலியாணம். கடைசி நாள். சாமியார் சிரித்தாராம், "புதன்கிழமை வந்தால் நெற்றியில் சாம்பல்தான் பூசிவிடுவேன்" என்று.

இன்றைக்கு முதல்தரம் டிலானியோடு கதைத்தேன். குரல் நான் நினைத்ததைவிடத் தடிப்பு. நல்ல குரல்.

"அக்கா, நான் ஒருக்காத்தான் பிளேன் ஏறினது. அதுவும் மாமியோட."

"பயமோ?"

"பயம்தான். இல்லையெண்டு பொய் சொல்ல ஏலாது."

எனக்குப் பிடித்துவிட்டது இந்தப் பிள்ளையை. பயமில்லை என்று சொல்கிறவர்களைத்தான் எனக்குப் பயம். "நீ இறங்குமட்டும் நான் பச்சைத்தண்ணி பல்லிலை படாமல் இருப்பன், மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்கிறன்" என்றேன்.

"வேண்டாமக்கா, பசி கிடப்பியள்."

"மூண்டு மணித்தியாலம்தானே, போடி" என்றேன்.

10.2.97, திங்கள். றோஸன்மொன்டாக், கார்னிவல் ஊர்வல நாள்.

வெளிச்சம் வர முன்னமே எழும்பினேன். நைரோபி எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் முன்னால் என்பது ரெலிபோன் எடுத்து எடுத்துப் பாடம். அங்கே 9, இங்கே 7. மந்திரித்த மெழுகுதிரி கொளுத்தினேன். செபமாலை. மாமி எடுத்துச் சொன்னா, ஏறிவிட்டாள், கைகாட்டினாள், நீலச் சட்டை.

8. ஜெனி பூனை வேசத்தில் ஊர்வலம் பார்க்கப் போய்விட்டாள். மீசை நான்தான் கீறிவிட்டேன். இடது பக்கம் கோணல்.

10. இறங்கியிருப்பாள்.

10.30. பெட்டி எடுக்க நேரமாகும்.

11. றெஜி எடுக்கவில்லை. நான் குவாமே வீட்டுக்கு எடுத்தேன். ஒரு கிழவி. அவவின் பாசை எனக்கு விளங்கவில்லை, என் ஜெர்மன் அவவுக்கு விளங்கவில்லை. "றெஜி எயர்போட், எயர்போட்" என்கிறா. அழவில்லை, அது ஒரு ஆறுதல்.

11.30. இவருக்கும் முகம் மாறிவிட்டது. "லேற்றாய் வெளிக்கிட்டிருக்கும்" என்கிறார். ஏறிக் கைகாட்டியது பிறகு எப்படி லேற்று? மாமிக்கு எடுத்தேன். பிளேன் கண் முன்னால் எழும்பிப் போனது என்கிறா. இப்போது அவவும் அழத் தொடங்கிவிட்டா. எனக்கு ஏன் இந்த வேலை.

ஸயீர். ஸயீர். அதுதான் தலைக்குள்.

நான்தான் அனுப்பச் சொன்னது. நாலு குடும்பத்தையும் நான் பார்க்கிறேன் என்றது நான்தான். மாதாவே, அந்தப் பிள்ளையின் அளவெல்லாம் என் கையில் இருக்கிறதே.

12. தெருவெல்லாம் மேளம். "அலாஃப்! அலாஃப்!" என்று ஊர்வலத்தின் கூச்சல், இனிப்பு எறிகிற சத்தம். மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு கன்னியாஸ்திரி.

சாவுச் சேதி சொல்லக் கோயிலால் அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டேன். "சொல்லுங்கோ சிஸ்டர், சொல்லுங்கோ" என்று தமிழிலேயே கத்தினேன்.

சிஸ்டரின் உதட்டில் சிவப்பு மை. கையில் பணிஸ் தட்டு. மேல்வீட்டு ஹொஃப்மன் அம்மா! கார்னிவல் வேசம்!

பாவம், அவவும் பயந்துபோய் என் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டா. இவர் வந்து விசயத்தை விளங்கப்படுத்தினார். அந்த மனிசி போகவில்லை. கன்னியாஸ்திரி உடுப்போடே எங்கள் அடுப்படியில் இருந்து மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தா. பணிஸ் அப்படியே இருந்தது. நான் நேர்த்தியென்றேன், தானும் சாப்பிடவில்லை.

மெழுகுதிரி பெருவிரல் அளவுக்கு வந்துவிட்டது. புதிதாகக் கொளுத்தலாமோ கூடாதோ, யாரைக் கேட்பது.

ஒன்றரை கழிந்து ரெலிபோன். இவர் எடுக்கவில்லை, நான் எடுக்கவில்லை. ஹொஃப்மன் அம்மாதான் எடுத்து என் காதில் வைத்தா.

"அக்கா, வந்திட்டா."

"எங்கையடா போனனீங்கள்! மூண்டு மணித்தியாலம் எண்டு..."

"ஆர் மூண்டெண்டது? ஆறக்கா. பன்னிரண்டு எண்டு ரிக்கெற்றிலை போட்டது இங்கத்தை நேரம். நைரோபியும் இதுவும் மூண்டு மணித்தியாலம் வித்தியாசம். கணக்கு வாத்தியார் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

வாத்தியாருக்குத் தெரிந்திருக்கும். கேட்டால்தானே சொல்ல.

டிலானி வாங்கினாள். தடித்த குரல், ஆனால் பறந்துகொண்டிருந்தது. "அக்கா, ஏறினவுடனை கடல் மாதிரி ஒரு குளம். அதுக்குப் பிறகு காடு. ஐயோ அக்கா, காடு! நித்திரை கொண்டு எழும்பிப் பாத்தன், காடு. சாப்பிட்டன், காடு. ஒரு ஆறு, எங்கடை ஊரே அதுக்குள்ளை போயிடும், அவ்வளவு அகலம். ஒரு றோட்டு இல்லை. பயப்பிட மறந்துபோனன். இவ்வளவு இடம் இருக்கே அக்கா உலகத்திலை, எங்களுக்கு ஏன் ஒரு துண்டு நிலத்துக்கு..." அதோடு நிறுத்திவிட்டாள்.

பிறகு யோசித்தேன். அவள் மேற்கே போக, சூரியனும் மேற்கே போயிருக்கிறது. ஆறு மணித்தியாலம் பறந்தும் அவளுக்கு இன்னும் மத்தியானம்தான். இப்படி ஒரு நீண்ட காலை யாருக்குக் கிடைக்கும். நூல் சரியாகத்தான் சொன்னது. நான்தான் ரிக்கெற்றை நம்பினேன்.

பணிஸ் மூன்று தின்றேன். ஹொஃப்மன் அம்மா நாலு.

11.2.97, செவ்வாய்.

வெயில். தெருவில் கடதாசிப் பூவும் போத்தல் ஓடும்.

வேலையில் முழுக்க அங்கேதான் மனம். கொலோனும் அக்ராவும் ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம், இனி இந்தக் கணக்கில் என்னை ஏமாற்ற ஏலாது. இப்போது கோயில். இப்போது வாக்குறுதி. இப்போது தாலி. வாளியை வைத்துவிட்டுச் சிலுவை போட்டேன்.

மூன்றாம் முடிச்சுக்கு நேற்றே றெஜியிடம் சொல்லிவிட்டேன், குவாமேயின் தங்கை அபேனாவைப் போடச் சொல்லி. நல்ல பிள்ளையாம், கூறை உடுத்த ஊசி குத்தியது எல்லாம் அவள்தானாம். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

பின்னேரம் ரெலிபோன். பின்னால் மேளம், பாட்டு, நூறு பேர் சத்தம். சட்டை அளவு சரியாம், பிரிக்கத் தேவையில்லையாம். போர்வையைக் குவாமேயின் தாய் அந்த வெயிலுக்குள் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாவாம்!

"அபேனா வடிவாய்ப் போட்டாளோ முடிச்சு?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்கிற மாதிரி.

றெஜி டிலானியிடம் கொடுத்தான்.

"இல்லை அக்கா. அவ போட வந்தவ. நான்தான் வேண்டாமெண்டனான். ரெண்டு முடிச்சு காணும், நிக்குது. மூண்டாவது உங்கடை. நான் அங்கை வரேக்கை நீங்கள் போடுங்கோ."

ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அக்கா? கேக்குதோ?"

"கேக்குது" என்றேன்.

12.2.97, விபூதிப் புதன்.

நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு. டிலானியைக் கூப்பிட விண்ணப்பம் (Antrag), அதற்குக் கந்தோரில் தந்த நேரம் (Termin) திங்கள் காலை. எத்தனை மாதம் எடுக்குமோ.

மூன்றாம் மாடி. பையிலிருந்த அதே நூலை எடுத்து அக்ராவில் ஒரு நுனி வைத்துக் கொலோனுக்கு இழுத்தேன். எட்டவில்லை. ஆல்ப்ஸ் மலைக்கு இந்தப் பக்கம் வர மாட்டேன் என்கிறது.

பிரான்ட் பார்த்துக்கொண்டு நின்றார். "காணாதா?"

"காணாது" என்றேன். வேறு நூல் வெட்டினேன்.